தொற்றுக் கால அச்சமும் நாள்பட்ட நோயும்: வீட்டில் செய்ய வேண்டியவை

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது, பாலக்கோடு அருகே உள்ள எங்கள் வீட்டில் அப்பா தம் சர்க்கரை மாத்திரையைப் பாதியாக உடைத்து, மறுபாதியைச் செய்தித்தாள் துண்டில் மடித்து வைத்து வந்ததைப் பத்து நாள் கழித்துத்தான் கவனித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் தொற்று வந்துவிடும் என்று அஞ்சி, இருப்பதை நீட்டிக்கொள்ள அவர் கண்ட வழி அது. ஆகவே, புதிய காய்ச்சல் பற்றிய செய்தி வந்தால் முதலில் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணுங்கள். ஒரு மாதத்துக்கான மருந்து கையில் இருப்பதே பாதிப் பயத்தைக் குறைக்கும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பெயர் பதியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளலாம்.

அடுத்தது உடம்பு காட்டும் குறிகள். படபடப்பு, வியர்வை, கைநடுக்கம் ஆகியவை பயத்தாலும் வரும், சர்க்கரை தாழ்ந்தாலும் வரும் என்பதால், மனதைத் தேற்றும் முன் குளுக்கோமீட்டரில் பார்த்துவிட வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அளவு சரியாக இருந்தால் உட்கார்ந்து, நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி என்றால் மட்டும் பயமா நோயா என்று ஆராயாமல் 108-ஐ அழையுங்கள்.

பயம் நீடித்தால் உடலில் சுரக்கும் ஹார்மோன்கள் சர்க்கரையையும் அழுத்தத்தையும் ஏற்றிவிடும். ஏறிய எண்ணைப் பார்த்து மேலும் பயந்து, மணிக்கொரு முறை பிரஷர் பார்ப்பவர்கள் உண்டு. மருத்துவர் வேறு சொல்லாதவரை, காலையும் மாலையும் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின் பார்த்து நோட்டில் எழுதினால் போதும். செய்திகளுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இதே கணக்கை வையுங்கள்.

வீட்டார் “பயப்படாதே” என்று சொல்வதால் பயன் இல்லை. “எதை நினைச்சுப்பா பயமா இருக்கு?” என்று ஒரு மாலை வாசற்கட்டிலில் உட்கார்ந்து அப்பாவிடம் கேட்டேன். சாவைப் பற்றி அவர் சொல்லவில்லை. பக்கத்தில் யாரும் இல்லாமல் வார்டில் கிடக்க வேண்டியிருக்குமே என்றார். உடன் வருபவர் யார், எந்த ஆஸ்பத்திரி, தினமும் போனில் பேசுபவர் யார் என்று அன்றே முடிவு செய்து, மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினோம். அன்றிரவு அவர் களியை முழுதாகச் சாப்பிட்டார்.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, மாத்திரையை வேண்டாம் என்கிறார் என்றால், தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைப் பாருங்கள். “இருந்து என்ன பயன்” என்று ஒருமுறை சொன்னாலும் அவரைத் தனியே விடாமல், எந்நேரமும் தமிழில் பேசக்கூடிய 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை உடனே அழையுங்கள். மனநல மருத்துவரிடம் போகும்போது பழைய மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் கொண்டுபோக வேண்டும். சில மனநல மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் கூட்டக்கூடியவை என்பதால், அந்தச் சீட்டுகளைப் பார்த்தே அவர் மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.