குவாண்டம் கிராவிற்றி: எங்க இருந்து தொடங்கிறது?

கிளிநொச்சி, முல்லைத்தீவு பக்கம் ஏஎல் மெத்ஸ் செய்யிற பிள்ளையள் கனபேர் குவாண்டம் கிராவிற்றி (ஈர்ப்பையும் குவாண்டம் விதியளையும் ஒண்டாச் சேக்கிற முயற்சி) எண்டோடன யூரியூப்பில ஸ்ரிங் தியரி வீடியோவைப் போட்டுப் பாத்திட்டு தலை சுத்துது எண்டு விட்டிடுவினம். அதைக் கடைசிக்கு வையுங்கோ.

முதல்ல கொப்பியில ஐன்ஸ்டீன்ர 1915ம் ஆண்டு ஈர்ப்புச் சமன்பாட்டை எழுதுங்கோ. இடப்பக்கம் வெளியும் நேரமும் சேந்து வளையிற வளைவு, அதுதான் ஜியோமெற்றி. வலப்பக்கம் சடப்பொருளும் சக்தியும். பிரச்சினை முழுக்க நடுவில இருக்கிற சமன் குறியிலதான், ஏனெண்டா வலப்பக்கம் குவாண்டம் விதிப்படி நடக்குது, இடப்பக்கம் அப்பிடி எழுதப்படேல்லை.

வளைவு விளங்கேல்லையெண்டா சந்தையில ஒரு வத்தகப்பழம் வாங்கி, வெட்ட முதல் பேனையால காம்பில இருந்து நடு இடுப்பு வரைக்கும் ஒரு கோடு கீறி, அதில செங்கோணமாத் திரும்பி கால்வாசிச் சுத்து போய், திருப்பியும் செங்கோணமாத் திரும்பிக் காம்புக்கே வாங்கோ. மூண்டு கோணமும் 90, கூட்டினா 270. தாள்ல 180தானே வரும்? அந்த மிச்சம்தான் வளைவு.

பூமியும் இப்பிடித்தான் தன்னைச் சுத்தி வெளியை வளைக்குது, ஆனா நல்லாக் குறைவு: மேற்பரப்பின்ர அளவை வச்சுக் கணக்குப் பாக்கிற ஆரையை விட உண்மையான ஆரை கிட்டத்தட்ட 1.5 மில்லிமீற்றர்தான் கூட. இவ்வளவு பெரிய பூமிக்கே அவ்வளவுதான்!

இனி வலப்பக்கத்துக்கு வாங்கோ. இதில அவசரப்படாதேங்கோ. குவாண்டம் விதிப்படி ஒரு எலெக்ரோன் ரெண்டு இடத்தில ஒண்டாச் சேந்த நிலையில இருக்கலாம். அப்ப இடப்பக்கம் எங்க வளையும்? ரெண்டு இடத்துக்கும் சராசரி எடுத்தாச் சரிதானே எண்டு தோணும். 1981ல பேஜ், கெய்ல்கர் எண்ட ரெண்டு பௌதிகவியலாளர் ஈயக்கட்டியளை எங்க வைக்கிறதெண்டதைக் கதிரியக்கத் தேய்வை (அது குவாண்டம் தற்செயலா நடக்கிறது) வச்சு முடிவெடுத்து, பக்கத்தில முறுக்குத் தராசால (சின்ன ஈர்ப்பையும் அளக்கிற கருவி) அளந்து பாத்தவை. தராசு சராசரியைப் பாக்கேல்லை, கட்டி உண்மையா இருந்த பக்கத்தைத்தான் பாத்தது. இதோட விசயம் முடிஞ்சுதெண்டு நினைக்காதேங்கோ, அளக்கேக்க அந்தச் சேந்த நிலை உடைஞ்சு ஒரு பக்கமாப் போகுதெண்டு எடுத்தா அந்தப் பரிசோதனை ஒண்டையும் நிரூபிக்காது. 2017ல ரெண்டு குழுக்கள் வேற வழி சொல்லிச்சினம்: ரெண்டு சின்னத் துணிக்கையளை ஈர்ப்பால மட்டும் பின்னிப்பிணைய (ரெண்டின்ர குவாண்டம் நிலையும் தனித்தனியாப் பிரிக்கேலாமச் சேர) விட்டுப் பாக்கிறது. பிணைஞ்சா ஜியோமெற்றியும் குவாண்டம்தான் எண்டு கனபேர் ஒத்துக்கொள்ளுவினம்.

இது பிடிபட்டாப் பிறகு பௌதிகவியலாளர் ஜேக்கப்சன்ர 1995 வேலையைப் பாருங்கோ, அவர் வெப்பவியலில இருந்தே ஐன்ஸ்டீன்ர சமன்பாட்டை எடுத்துக் காட்டினவர். என்னைக் கேட்டா குவாண்டம் கிராவிற்றிக்கான லூப், ஸ்ரிங் கொள்கையள் ரெண்டையும் விட இதை முதல் படிக்கிறது நல்லம், ஏஎல் பௌதிகத்தில வாற வெப்பமும் இரசாயனவியலில வாற என்ரோபியும் (ஒழுங்கின்மையின்ர அளவு) கொஞ்சம் தெரிஞ்சாலே உள்ளுக்கு இறங்கலாம்.