லாரில எக்ஸ்ட்ரா லைட் சுவிட்ச் எங்க வைக்கறது?

ஃபாக் லைட் மாட்டுனா சுவிட்ச கைக்கு கிட்ட வைங்க, எங்கயோ டேஷ்போர்டுக்கு அடியில வச்சுட்டு ஏற்காடு மலைல 20 கொண்டை ஊசி வளைவு, அதுவும் பனி இறங்குற நேரத்துல குனிஞ்சு தேடக்கூடாது பாருங்க. வளைவுல வலது கை ஸ்டியரிங்லயே இருக்கும், இடது கை கியருக்கு போய்ட்டு வரும், அதனால அந்த கை போற வழியில, ஸ்டியரிங்குக்கு இடது பக்கம் முட்டிக்கு மேல வச்சா தடவிப் பாத்தே போடலாம். கதவு பக்கம் வேணாம், மழைல ஜன்னல் வழியா தண்ணி சொட்டும்.

ஓட்டை போடறதுக்கு முன்னாடி பின்னாடி ஒயர் போகுதான்னு கை விட்டு பாத்துக்கோங்க (நான் பாக்கல, வைப்பர் ஒயர் போச்சு!). லைட் கரண்ட நேரா சுவிட்ச்ல விடாதீங்க, ரிலே (சின்ன கரண்ட்ல பெரிய கரண்ட ஆன் பண்ற சுவிட்ச்) போடுங்க. அதோட பின்ல இருக்கற நம்பர் பாத்து மாட்டுங்க: பேட்டரி ஃபியூஸ் வழியா 30க்கு, லைட் 87க்கு, சுவிட்ச் 86க்கு, 85 எர்த். ஃபியூஸ் பேட்டரி பக்கத்துலயே இருக்கணும். பெரிய லாரி 24 வோல்ட், கார் ரிலே 12 வோல்ட், கடைல சொல்லி வாங்குங்க. சிவப்பு வெளிச்சம் வர்ற சுவிட்ச்னா நைட்ல கண்ண கூசாது, எதிர்ல வண்டி வந்தா அணைக்கவும் மறக்க மாட்டீங்க.