பிள்ளைகளின் வெளியூர் பேஸ்பால் போட்டிக்குக் காரில் கிளம்பும் முன்

அட்லாண்டாவிலிருந்து அலபாமா போனால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். போட்டி அட்டவணை அங்குள்ள நேரப்படிதான் இருக்கும். திரும்பும்போது அந்த ஒரு மணி நேரம் பறிபோகும். ஞாயிறு இரவு ஓட்டுபவர் யாரென்று முன்பே முடிவு செய்யுங்கள்.

ஓட்டல் அறை பதிவு செய்யும் முன் போட்டி விதிகளைப் படியுங்கள். சில போட்டிகளில் நடத்துபவர்கள் சொல்லும் ஓட்டலில்தான் தங்க வேண்டும்.

மட்டையில் எந்த அமைப்பின் அங்கீகார முத்திரை இருக்கிறதென்று பாருங்கள்: யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பின் முத்திரை கேட்கும் இடத்தில் யுஎஸ்எஸ்எஸ்ஏ என்ற வேறொரு அமைப்பின் முத்திரை மட்டும் உள்ள மட்டை செல்லாது. அங்கே போய் வாங்கினால் பர்ஸ் காலி. வயதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ் நகலும் வேண்டும்.

கையுறையை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள், தோல் காய்ந்து விறைத்துவிடும். சீருடை பேண்ட் இரண்டு, சாக்ஸ் நான்கு ஜோடி. சேற்றில் புரண்ட வெள்ளை பேண்ட் மறுநாள் காலைக்குள் காயவே காயாது.