துருக்கிய மொழியில் பணிவாகக் கேட்பது: நாம் தவறும் இடங்கள்

துருக்கிய மொழி கற்கத் தொடங்கியதும் எல்லோரும் முதலில் பிடித்துக்கொள்ளும் சொல் 'லுத்ஃபென்'. 'தயவுசெய்து' என்று பொருள். இதைக் கட்டளையோடு சேர்த்துவிட்டால் பணிவு வந்துவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. 'லுத்ஃபென் பெக்லெயின்' (தயவுசெய்து காத்திருங்கள்) அறிவிப்புப் பலகைக்குப் பொருந்தும். பக்கத்தில் நிற்பவரிடம் உதவி கேட்கும்போது அது விறைப்பாக ஒலிக்கலாம். நாம் மட்டும் 'தயவுசெய்து தண்ணீர் தாருங்கள்' என்றா வீட்டில் பேசுகிறோம்? 'கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?' என்கிறோம். துருக்கியரும் கேள்வியாகத்தான் கேட்பார்கள்: 'சு வெரிர் மிஸினிஸ்?'

சரி, இங்கேதான் தமிழ்ப் பழக்கம் காலை வாரிவிடும். 'தருவீர்களா' என்பதில் 'ஆ' கடைசியில் வருகிறது. அதே வரிசையில் 'வெரிர்ஸினிஸ் மி' என்று சொல்லத் தோன்றும். அது தவறு. வெரிர் (தருவது), மி (நம் 'ஆ'), ஸினிஸ் (நீங்கள்) என்பதே வரிசை. நமக்குக் கடைசியில் வரும் கேள்வி அவர்களுக்கு 'நீங்கள்' விகுதிக்கு முன்பே வந்துவிடுகிறது. இறந்தகாலத்தில் மட்டும் நம்மைப் போலவே: 'வெர்தினிஸ் மி?' (தந்தீர்களா?). இறந்தகாலத்தை முதலில் படித்தவர்கள் அதிகம் குழம்புவது இதனால்தான்.

அடுத்தது காலம். 'தர்றீங்களா?' நிகழ்காலம் என்பதால் 'வெரியோர் முசுனுஸ்' என்று கேட்டுவிடுகிறோம். தேநீர்க் கடையில் அப்படிக் கேட்டால் 'இங்கே தேநீர் தருகிறீர்களா?' என்று தகவல் கேட்டதாகவே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். வேண்டுகோளுக்குப் பொதுக்கால வடிவம் 'வெரிர்' போதும். 'சாய் இஸ்தியோரும்' (தேநீர் வேண்டும்) பிழையில்லை, ஆனால் 'பிர் சாய் அலபிலிர் மியிம்?' (ஒரு தேநீர் வாங்கிக்கொள்ளலாமா?) இன்னும் மென்மையானது.

சென், சிஸ் வேறுபாடு நம் நீ, நீங்கள்தான். அறியாதவரிடம் சிஸ். கடைக்காரரை 'அபி' (அண்ணா), 'அப்லா' (அக்கா) என்று அழைப்பதும் நமக்குப் பழகிய வழக்கம். மரியாதைக்குச் சேர்க்கும் 'பேய்' (ஆண்களுக்கு), 'ஹனும்' (பெண்களுக்கு) இரண்டும் குடும்பப் பெயரோடு அல்ல, முதற்பெயருக்குப் பின்னால் வரும்: அஹ்மெத் பேய், ஆய்ஷே ஹனும்.

பணியாளரை அழைக்கும் 'பக்கர் முஸுனுஸ்?' (சற்றுப் பார்க்கிறீர்களா?) என்பதில் 'மி' 'மு' ஆகிவிட்டதைக் கவனியுங்கள். முன்னுள்ள உயிரெழுத்தைப் பொறுத்து அது மாறும். இங்கே வரும் உகரத்துக்கு உதடு குவிக்கக் கூடாது. 'அது' என்பதன் கடைசியில் வரும் குற்றியலுகரத்தை ஒத்த ஒலி. பிறர் திணறும் இந்த ஒலி நமக்கு ஏற்கெனவே நாவில் இருக்கிறது.

இஸ்தான்புல்லில் தொல்முஷ் என்ற பங்கு வண்டியில் ஏறினால் இவை அத்தனையும் காதில் விழும். பின்னால் இருப்பவர் கட்டணத்தை முன்னால் நீட்டி 'உஸத்துர் முஸுனுஸ்?' (கொஞ்சம் கொடுத்துவிடுகிறீர்களா?) என்பார். அப்புறம் இறங்குமிடம் வந்ததும், 'முசாயித் பிர் யெர்தே இனெபிலிர் மியிம்?' வசதியான இடத்தில் இறங்கலாமா என்று கேட்கிறார். ஒரு லுத்ஃபென் கூட இல்லை.