ஐம்பது வெள்ளித் தாளிலிருந்து ஐந்தடிப் பாதைக்கு: ஓவியம்போல் ஒரு படம் எடுக்கும் முறை

முதல் படிக்குக் கேமரா தேவையில்லை. பணப்பையில் சிங்கப்பூரின் ஐம்பது வெள்ளிப் பணத்தாள் ஒன்று இருந்தால் போதும். 1999இல் வெளிவந்த வரிசைத் தாளின் பின்புறத்தில், சிங்கப்பூர் ஓவியர் சியோங் சூ பியெங் 1978இல் தீட்டிய, மீனை உப்பிட்டுக் காயவைக்கும் காட்சி அச்சாகியிருக்கிறது. கண்களைப் பாதி மூடியபடி அதைப் பாருங்கள். நுணுக்கங்கள் மங்கி, அடர்ந்த பகுதிகளும் வெளிர்ந்த பகுதிகளும் மட்டுமே எஞ்சும். அந்தப் பெரிய பரப்புகள்தாம் படத்தின் எலும்புக்கூடு. எந்தக் காட்சியின் முன் நின்றாலும் இதையே முதலில் செய்து பழகுங்கள்.

அடுத்து வெளிச்சம். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள சிங்கப்பூரில் காலை பதினொரு மணிக்குள் சூரியன் உயர ஏறிவிடுவதால், திறந்தவெளியில் நிற்பவரின் கண்குழிகள் இருண்டுவிடும். ஆகவே ‘லிட்டில் இந்தியா’ எனப்படும் தேக்காவின் பழைய கடைவீடுகளுக்குச் செல்லுங்கள். 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்திற்காக ஆங்கிலேய நிர்வாகி ராஃபிள்ஸ் வகுத்த விதிகளிலிருந்து வந்த ஐந்தடிப் பாதையில், அதாவது கடைகளின் முன்னால் ஓடும் நடைபாதையில், மேலே கூரையும் ஒரு பக்கம் சுவரும் இருக்க, மறுபக்கத்திலிருந்து மட்டுமே ஒளி நுழைகிறது. பதினேழாம் நூற்றாண்டில் டெல்ஃப்ட் நகரத்து டச்சு ஓவியர் வெர்மீர் தம் மாந்தரைச் சன்னலருகே நிறுத்திப் பெற்ற பக்கவொளிக்கு நிகரானது, நம் ஊரில் பூக்கடை வாசலிலேயே கிடைக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. வெயில் நேரே விழாத வரிசையைத் தேர்ந்தெடுங்கள். எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி மிக மென்மையானது.

மூன்றாவதாக, ஆள் இல்லாமலேயே படத்தின் சட்டத்தை அமையுங்கள். தொடக்கநிலையினர் பெரும்பாலும் முகத்தைத் துரத்திக்கொண்டு ஓடிப் பின்னணியை மறந்துவிடுகிறார்கள். தூண் சாயாமல் நேராக நிற்கிறதா, மங்கலான சுவர் போதிய அளவு வெறுமையாக இருக்கிறதா, விளிம்பில் சிவப்பு நெகிழிக்கூடை எட்டிப் பார்க்கிறதா என்று நான்கு ஓரங்களையும் சரிபாருங்கள். கூடை இருந்தால் இரண்டு அடி நகர்ந்து நில்லுங்கள்; பிறகு கணினியில் அழித்துக்கொள்ளலாம் என்னும் பழக்கம் கண்ணைச் சோம்பலாக்கும். 50 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6 (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ 400 (ஒளியுணர்திறன்) என்று தொடங்கி, ஷட்டர் வேகம் (ஒளி பதியும் நேரம்) 1/125 நொடியைவிட மெதுவானால் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். பூக்கடை மல்லிகையின் வெண்மை வெளிறிப்போகாதிருக்க ஒளியளவை ஒரு படி குறையுங்கள். கைப்பேசியில் பூவைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்தால் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும்.

இனிக் காத்திருக்க வேண்டும். “அக்கா, நீங்கள் பூக்கட்டுவதைப் படம் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டு, அவர் இசைந்தபின், கைகள் வேலைக்குத் திரும்பும்வரை பொறுத்திருங்கள். தலை குனிந்து, விரல்கள் ஒளிக்குள் வரும் கணமே உங்களுக்கு வேண்டியது. திருத்தும்போது புதிய நிறம் எதையும் கூட்டாமல், மிகுதியாகத் தெரியும் நிறத்தை மட்டும் சற்றுத் தணியுங்கள்.

பயணத்திலும் இதே வரிசைதான். சியோங் சூ பியெங், லியு காங், சென் வென் சி, சென் சோங் சுவீ ஆகிய ஓவியர் நால்வரும் 1952இல் பாலித் தீவுக்குச் சென்று, அங்கு கண்டவற்றிலிருந்து உருவான ஓவியங்களை மறு ஆண்டு சிங்கப்பூரில் காட்சிக்கு வைத்தனர். அவர்களைப்போல நீங்களும் சிறு குறிப்பேடு ஒன்றை உடன் வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஊரில் கேமராவை எடுப்பதற்கு முன், மூன்றுக்கு இரண்டு அளவில் ஒரு கட்டம் வரைந்து, இருண்ட பரப்பைப் பென்சிலால் நிரப்பி, ஆள் வந்து நிற்கவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள்.