பைப் ஒட்டக் கற்றுக்கொள்பவர்கள் செய்யும் தவறுகள்

பிளம்பிங் வேலைக்குக் கையாளாக வரும் தம்பிகளுக்கு முதல் வாரத்திலேயே ஒரு ஆசை வந்துவிடுகிறது. பைப் ஒட்டும் பசையான சால்வென்ட் சிமெண்ட் டப்பாவைக் கையில் வாங்கி, தானே ஒரு ஜாயின்ட் போட்டுப் பார்க்க வேண்டும். ஆசையில் தப்பில்லை. ஆனால் ஜாயின்ட் நிற்குமா ஒழுகுமா என்பது பெரும்பாலும் அந்த டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. வீடுகளில் இப்போது அதிகம் ஓடுவது சுடுதண்ணீரும் தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசி பைப் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அளவு. இரண்டு எல்போக்களுக்கு (பைப்பை மூலையில் திருப்பும் ஃபிட்டிங்) நடுவே 300 மி.மீ. இடைவெளி தெரிகிறது என்றால், புதிதாக வருபவர் சரியாக 300-க்கு வெட்டிவிடுவார். பைப் இரண்டு பக்கமும் ஃபிட்டிங்குக்குள் போக வேண்டுமே! முக்கா இன்ச் ஃபிட்டிங்கின் ஆழம் சுமார் 18 மி.மீ. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 336 மி.மீ. வெட்ட வேண்டும். குட்டையாக வெட்டிய பைப்பை வீணாக்க மனமில்லாமல் பாதி ஆழத்துக்கு மட்டும் செருகி ஒட்டுகிறார்கள் பாருங்கள், அந்த ஜாயின்ட்தான் டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒழுகும்.

இதிலேயே இன்னொரு சிக்கல். சிமெண்ட் போடாமல் பொருத்திப் பார்க்கும்போது பைப் முழு ஆழத்துக்கு இறங்காது. ஃபிட்டிங்கின் உள்பக்கம் அடிப்பக்கம் போகப்போகக் குறுகும்படி செய்திருப்பார்கள். மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை போய் இறுகி நிற்பதுதான் சரியான பொருத்தம். சிமெண்ட் போட்டபின் அடிவரை போகும். அதனால் ஒரு லைன் முழுவதையும் உலர்வாகக் கோத்து வைத்து, குழாய் மாட்டும் இடத்தைப் பார்த்து, "குழாய்ப் புள்ளி சரியா வருது" என்று நினைத்தால், ஒட்டிய பிறகு மொத்த நீளம் குறைந்திருக்கும். நான்கு ஜாயின்ட்டில் ஒவ்வொன்றும் 9 மி.மீ. உள்ளே போனால் 36 மி.மீ. போச்சு. ஃபிட்டிங்கின் ஆழத்தை முதலில் அளந்து, பைப்பின் மேல் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டும்போது அந்தக் கோடு வரை பைப் இறங்கினால்தான் ஜாயின்ட் முழுமை. மாறாக, உலர்வாகவே அடிவரை தொளதொளவென்று இறங்கினால் அந்தப் பைப்பும் ஃபிட்டிங்கும் ஒன்றுக்கொன்று ஆகாது. ஜோடியை மாற்றிவிடுங்கள்.

வெட்டு நேராக இருக்க வேண்டும். கோணலாக வெட்டிய பைப்பின் ஒரு பக்கம் மட்டும் ஃபிட்டிங்கின் அடியைத் தொடும்; மறுபக்கம் ஒட்டும் பரப்பு குறைந்துவிடும். ஹேக்சா பிளேடு என்றால் பொடிப்பல் உள்ளது நல்லது. கட்டர் வைத்திருப்பவர்கள் பிளேடு மழுங்கியதும் மாற்றிவிட வேண்டும். மழுங்கிய கட்டர் பைப்பை அறுப்பதற்குப் பதில் நசுக்கி, முடி போன்ற விரிசலை உண்டாக்கும். விரிசல் கண்ணில் பட்டால், அது முடியும் இடத்தோடு வெட்டாமல் அதற்கு மேல் 2 இன்ச் தள்ளி வெட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருக்கலாம்.

வெட்டியபின் ஓரத்தில் நிற்கும் பிசிறை எடுக்காமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பார்வைக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் பைப்பைச் செருகும்போது அந்தப் பிசிறு ஃபிட்டிங்குக்குள் தடவிய சிமெண்டை வழித்துக்கொண்டே போகும். உள்பக்கப் பிசிறு பிறகு உடைந்து ஷவரிலோ குழாய் ஃபில்டரிலோ போய் அடைக்கும். ஒரு அரமோ கத்தியோ போதும், அரை நிமிட வேலை.

சரி, இப்போது சிமெண்ட். ஃபெவிகால் மாதிரி நடுவில் நின்று இரண்டு பொருளைப் பிடித்து வைக்கும் சமாசாரம் இல்லை இது. பைப்பின் மேல்பரப்பையும் ஃபிட்டிங்கின் உள்பரப்பையும் இளக்கி, இரண்டையும் ஒன்றோடு ஒன்று கலக்க வைக்கிறது. அதனால்தான் ஈரம், தூசி, எண்ணெய் மூன்றும் ஆகாது. அதனால்தான் யுபிவிசி என்ற வேறு வகை பிளாஸ்டிக் பைப்புக்கான சிமெண்டை சிபிவிசிக்குப் போடக் கூடாது. அதனால்தான் ஜெல்லி மாதிரி கெட்டியாகிப்போன டப்பாவில் தின்னர் ஊற்றி ஓட்டவும் கூடாது, தூக்கிப்போட வேண்டியதுதான்.

நிறையப் பூசினால் பலம் அதிகம் என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். பைப்பின் வெளியே தாராளமாக, ஃபிட்டிங்கின் உள்ளே மெல்லிசாக, அவ்வளவுதான். உள்ளே அதிகம் பூசினால் பைப் தள்ளும்போது அது திரண்டு போய் உள்ளே தேங்கும். தேங்கிய இடத்தில் பைப்பின் சுவரையே இளக்கிப் பலவீனமாக்கும். பூசியதும் உடனே செருகி, செருகும்போதே கால் திருப்பு திருப்பி, அடி தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். பிறகு அரை நிமிடம் கையை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். விட்டால் குறுகலான ஃபிட்டிங் பைப்பை மெல்ல வெளியே தள்ளிவிடும். வாய் ஓரத்தில் சுற்றிலும் மெல்லிய வளையமாகச் சிமெண்ட் தெரிந்தால் திருப்தி. எல்போ கொஞ்சம் திரும்பியிருக்கிறதே என்று ஐந்து நிமிடம் கழித்துத் திருகிச் சரிசெய்தால் ஜாயின்ட் கெட்டது. வெட்டி எடுத்துப் புதிது போடுங்கள்.

மொட்டை மாடியில் நடுப்பகல் வெயிலில் ஒட்டினால் செருகுவதற்குள் சிமெண்ட் காய்ந்துவிடும். பைப்பை நிழலில் வைத்து, காலையிலேயே அந்த வேலையை முடிப்பது நல்லது. மூடிய பாத்ரூமுக்குள்ளும் சம்ப்புக்குள்ளும் ஒட்டும்போது காற்றோட்டம் வேண்டும். அந்த ஆவி தலைசுற்ற வைக்கும், தீப்பிடிக்கவும் செய்யும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. தீ என்றதும் ஞாபகம் வருகிறது: எல்போ வாங்கச் சோம்பல்பட்டுப் பைப்பைத் தீயில் காட்டி வளைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள். வளைத்த இடத்தில் சுவர் மெலிந்து, அழுத்தம் தாங்கும் சக்தி போய்விடும்.

மரை (திருகுப் புரி) ஜாயின்ட்டில் இரண்டே விஷயம். டெஃப்ளான் டேப்பை, மரையின் வாய் உங்களைப் பார்த்திருக்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகும்போது பிரிந்து வரும். அப்புறம், இரும்பு அல்லது பித்தளை மரையை வெறும் பிளாஸ்டிக் மரைக்குள் திருகி ரேஞ்சால் இறுக்காதீர்கள். உள்ளே பித்தளை மரை பதித்த எஃப்டிஏ (உள்மரை அடாப்டர்), பிராஸ் எல்போ எல்லாம் இதற்காகத்தான் இருக்கின்றன.

குழாய்ப் புள்ளிகளில் நடக்கும் தவறுக்கு ஒழுகல் வராது, ஆனால் வீட்டுக்காரர் தினமும் பார்ப்பார். சுடுதண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து தரும் வால் மிக்சருக்கு இரண்டு புள்ளிகளின் மையங்களுக்கு நடுவே 6 இன்ச், இரண்டும் ஒரே மட்டம். கண்ணால் பார்த்து வைக்காமல் ரசமட்டம் வையுங்கள். எதிரே நிற்பவருக்கு இடப்பக்கம் சுடுதண்ணீர். பூச்சும் டைல்ஸும் சேர்ந்து எவ்வளவு தடிமன் வரும் என்று கொத்தனாரிடம் கேட்ட பிறகே எல்போவின் முகத்தை நிறுத்துங்கள். உள்ளே புதைந்துபோனால் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போட்டு ஒப்பேற்றலாம். வெளியே துருத்தினால் வழியே இல்லை.

சுடுதண்ணீர் லைன் நீளும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 3 மீட்டர் சிபிவிசி பைப்பின் சூடு 40 டிகிரி கூடினால் அது ஏறக்குறைய 8 மி.மீ. நீளும். சுவருக்கு வெளியே ஓடும் லைனில் மூன்று அடிக்கு ஒரு கிளாம்ப் போடுங்கள், ஆனால் பைப் நகர இடம் விடுங்கள். இறுக்கி நெரித்தால் நீள வழியில்லாமல் வளைந்து ஃபிட்டிங்கைத்தான் இழுக்கும்.

பிரஷர் டெஸ்ட் எடுக்காமல், பைப் ஓடும் சுவர்க் காடியை மூடுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொத்தனார் அவசரப்படுத்துவார், மேஸ்திரி அவசரப்படுத்துவார். கடைசி ஜாயின்ட் ஒட்டி 24 மணி நேரம் விட்டுவிட்டு, லைனில் மெதுவாகத் தண்ணீர் நிரப்பி, மேலே உள்ள புள்ளியைத் திறந்து காற்றை வெளியேற்றி, பிறகு டெஸ்ட் பம்ப் வையுங்கள். மாடித் தொட்டியைத் திறந்துவிட்டுப் பார்த்தாலே போதாதா என்பார்கள். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் கிடைப்பது ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 1 கிலோ அழுத்தம்தான். நாளை அந்த வீட்டில் பிரஷர் பம்ப் மாட்டினால்? காற்று கம்ப்ரஸர் வைத்து டெஸ்ட் செய்யவே செய்யாதீர்கள். பிளாஸ்டிக் பைப் வெடித்தால் சில்லுகள் பறக்கும். முடிந்தால் டைல்ஸ் வேலை நடக்கும்போதும் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டியே வைத்திருங்கள். யாராவது ஆணி அடித்துப் பைப்பைத் துளைத்தால் முள் உடனே இறங்கிக் காட்டிக்கொடுக்கும்.

கழிவுநீர்ப் பைப் தனிப் பாடம். இங்கே முக்கியமானது வாட்டம், அதாவது சரிவு. 4 இன்ச் பைப்புக்கு 40-க்கு 1 என்று வையுங்கள், அதாவது 10 அடிக்கு 3 இன்ச். பைப்பின் அகன்ற வாய்ப்பக்கம் தண்ணீர் வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். ரப்பர் ரிங் ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் தடவி முழுக்கத் தள்ளி, பிறகு 10 மி.மீ. பின்னுக்கு இழுத்து விடுங்கள். நீளுவதற்கான இடம் அது. எண்ணெய், கிரீஸ் தடவினால் ரப்பர் கெடும்.

டெஸ்ட் முடிந்து சுவரை மூடும் முன், அளவு டேப்பை விரித்துப் பைப்பின் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். தரையிலிருந்து எத்தனை இன்ச், மூலையிலிருந்து எத்தனை இன்ச் என்று படத்திலேயே தெரிய வேண்டும். பிறகு கீசர் மாட்டவும் கண்ணாடி மாட்டவும் டிரில்லோடு வருபவர் அதைப் பார்த்துத் துளை போடுவார்.