மலையில் ஆடியோ கடை: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்

போன மாதம் ஒரு தம்பி கடைக்கு வந்தார். குன்னூரிலேயே ஹைஃபை கடை போடப் போகிறாராம். போட்டிக்கு ஆள் வருகிறதே என்று எனக்குப் பதற்றம் இல்லை. பேசிப் பேசிச் சலித்துப்போன விஷயங்களைப் பேச ஓர் ஆள் கிடைத்தாரே என்று சந்தோஷம்தான். ஆனால் அவர் திட்டத்தைச் சொல்லச் சொல்ல, 11 வருடத்துக்கு முந்தைய என்னையே எதிரே உட்கார வைத்ததுபோல் இருந்தது. அதே தவறுகள், அதே வரிசை.

வாடகை ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்துப் போடு, கணக்கை ஒழுங்காக எழுது என்பதையெல்லாம் எந்தக் கடைக்காரரும் சொல்வார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சீசன் கூட்டத்தைப் பார்த்து வாடகை கொடுப்பது

மே மாதம் ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் நின்று தலைகளை எண்ணிவிட்டு, இதில் நூற்றில் ஒருவர் வந்தால்கூடப் போதும் என்று கணக்குப் போடுவார்கள். அந்த நூறு பேரும் வர்க்கியும் சாக்லேட்டும் வாங்க வந்தவர்கள். 30 கிலோ ஸ்பீக்கரைக் காரில் ஏற்றிக்கொண்டு போக வந்தவர்கள் இல்லை.

நம் வாடிக்கையாளர் வேறு ஆள். எஸ்டேட் பங்களாக்காரர், ஓய்வுபெற்று மலையில் வீடு கட்டியவர், ஹோம்ஸ்டே நடத்துபவர், சனிக்கிழமை மேலே ஏறி வரும் கோவைக்காரர். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதால், கோவைக்காரரிடம் அதை முன்கூட்டியே எடுக்கச் சொல்லிவிடுங்கள். இவர்கள் யாரும் நடந்துபோகிற போக்கில் உள்ளே நுழைவதில்லை. போன் செய்துவிட்டுத்தான் வருவார்கள். கடை சந்துக்குள் இருந்தாலும் தேடி வருவார்கள். வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்குப் பயிற்சிக்கு வரும் அதிகாரிகள் நன்றாகக் கேட்கத் தெரிந்தவர்கள். ஆனால் ஒரு வருடத்துக்குள் மூட்டை கட்டிவிடுவார்கள். அவர்களுக்குச் சின்ன ஸ்பீக்கராகக் கொடுங்கள்.

வீட்டைப் பார்க்காமல் விற்பது

இதைச் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன்.

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். எண்பதுகளின் திரைப்பாடல்கள்தான் அவருக்கு உயிர். அதிலும் பேஸ் கிட்டார். கடையில் இருந்ததிலேயே பெரிய ஸ்பீக்கர் ஜோடியைக் காட்டி, "இதுதான் தம்பி, இதையே கொடுங்க" என்றார். நான் சாப்பிடக்கூடப் போகாமல் பில் போட்டேன். அன்று இரவு வீட்டில் பாயசம்.

மூன்றாம் நாள் போன். "தம்பி, குடத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு."

போய்ப் பார்த்தேன். பழைய பங்களா. அறை 14 அடிக்கு 14 அடி, அச்சடித்தாற்போல் சதுரம். பலகைத் தரை, இரண்டு பக்கம் கண்ணாடி ஜன்னல். ஒரு ஸ்பீக்கர் மூலையில் ஒட்டி நிற்கிறது. இன்னொன்று கணப்பு அடுப்புக்கு இடம் விட்டுக் கொஞ்சம் உள்ளே. சோபா எதிர்ச்சுவரின் மூலையோடு ஒட்டியிருக்கிறது. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி வரும்போதெல்லாம் ஜன்னல் நடுங்குகிறது. பாடகர் காணாமல் போகிறார்.

அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். நான் ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்பை, அதாவது ஆம்ப்ளிஃபயரை மாற்றினேன். பிறகு இன்னும் பெரிய ஆம்ப். பிறகு கேபிள். ஸ்பீக்கருக்கு அடியில் கடப்பைக் கல் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் கோத்தகிரிக்குப் போய்வர அரை நாள். அந்த வீட்டு அம்மா ஒவ்வொரு தடவையும் டீ கொடுத்தார். மூன்றாவது தடவையிலிருந்து அந்த டீயைக் குடிக்கவே வெட்கமாக இருந்தது.

குற்றம் பெட்டியில் இல்லை, அறையில். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,115 அடி போகும். அறையின் நீளத்தை இரண்டால் பெருக்கி, அந்த எண்ணால் 1,115-ஐ வகுத்துப் பாருங்கள். 14 அடிக்கு 40 ஹெர்ட்ஸ் வரும். அந்த அதிர்வெண்ணில் ஒலி இரு சுவர்களுக்கும் இடையில் மோதித் தேங்கி நிற்கும். சுவரோரம் காதை அடைக்கும், நடு அறையில் மெலியும். சதுர அறையில் நீளத்துக்கும் அகலத்துக்கும் அதே 40, அதாவது இரட்டைத் தேக்கம். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி எவ்வளவு தெரியுமா? 41. ஸ்பீக்கரும் மூலையில், சோபாவும் மூலையில். இதற்கு மேல் கெடுக்க வழியே இல்லை.

என் கடை 24 அடி நீளம். அந்த நீளத்தின் எண் 23. அந்த ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்கவே இறங்காது. அதனால்தான் கடையில் தேனாக ஒலித்தது. அவர் என் அறையைக் கேட்டு மயங்கினார். நான் அவருக்குப் பெட்டியை மட்டும் விற்றேன்.

சோபாவை நான்கு அடி முன்னால் இழுத்தபோது நன்றாகவே அடங்கியது. ஆனால் வீட்டின் நடுவில் சோபாவைப் போட்டுக்கொண்டு யார் வாழ்வார்கள்? ஸ்பீக்கரைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். பழைய பீஸ் என்று மூன்றில் இரண்டு பங்கு விலைக்குத்தான் போயிற்று. அவருக்குக் காற்றுத் துளை இல்லாத, மூடிய பெட்டி வகை ஸ்பீக்கரில் ஒரு சின்ன ஜோடி கொடுத்தேன். அது 40 ஹெர்ட்ஸை அரைகுறையாகத்தான் தொடும். அந்த அறைக்கு அதுவே போதும்.

போன பணம்கூட மறந்துவிட்டது. மளிகைக் கடையில் கிடைக்கிற ஓர் இஞ்ச் டேப் முதல் நாளே சொல்லியிருக்கும் என்பதுதான் இன்றைக்கும் எரிச்சல். அந்தத் தம்பியிடம் இதை முழுதாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிண்ணா, ஆனா டெமோ ரூம் சூப்பரா பண்ணிட்டா ஆட்டோமேட்டிக்கா வித்துடும்ல?" என்றார்.

ஈரம்

ஊட்டி, கூடலூர் பக்கம் மழை ஜூனிலேயே பிடித்துக்கொள்ளும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கனம். கீழே இருக்கும் விநியோகஸ்தருக்கு இது புரியாது. ஆறு மாதச் சரக்கைத் தலையில் கட்டப் பார்ப்பார். வாங்காதீர்கள். இசைத்தட்டு உறைகளில் பூஞ்சை ஏறும். சுவரை ஒட்டி அடுக்கினால் இன்னும் சீக்கிரம். ரேக்கைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள், மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் மெஷினை ஓட விடுங்கள். பழைய ஸ்பீக்கர் வாங்கி விற்பதாக இருந்தால், கூம்பைச் சுற்றிய ஃபோம் வளையத்தை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று. ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்த ஆம்பைக் கணப்பு எரியும் அறைக்குள் கொண்டுபோனவுடன் ஆன் செய்யக் கூடாது. உள்ளே நீர் பூத்திருக்கும். இரண்டு மணி நேரமாவது விடுங்கள்; அதுவரை டீ குடிக்கலாம்.

அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த டர்ன்டேபிள்

120 வோல்ட்டுக்கு டிரான்ஸ்பார்மர் வைத்தால் ஓடும். ஆனால் அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50; டிரான்ஸ்பார்மர் அதை மாற்றாது. கரன்ட்டின் ஹெர்ட்ஸை வைத்தே வேகம் பிடிக்கும் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் என்றால், நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் 28-க்கும் குறைவாகத்தான் சுற்றும். பாடகி தூக்கக் கலக்கத்தில் பாடுவார். பழி உங்கள் மேல் விழும்.

சத்தத்தைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டுக் காட்டுவது

ஒரே பவரில் 90 டெசிபல் சத்தம் தரும் ஸ்பீக்கரையும் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கரையும் வால்யூமைத் தொடாமல் மாற்றி மாற்றிப் போட்டால், சத்தமானதுதான் நல்லதாகத் தோன்றும். அதே சத்தத்துக்கு இரண்டாவதற்கு இருமடங்கு பவர் வேண்டும். சத்தம் அளக்கும் மீட்டர் வைத்துச் சமப்படுத்துங்கள்.

இன்வெர்ட்டர்

காற்றடித்து மரம் விழுந்தால் கரன்ட் போகும். இங்கே அது மழைக்கால வழக்கம். வாடிக்கையாளர் வீட்டு இன்வெர்ட்டர் சைன் வேவா, அதாவது லைன் கரன்ட் போலச் சீரான அலையாகத் தருவதா என்று விற்பதற்கு முன் கேளுங்கள். ஸ்கொயர் வேவ் என்றால் ஆம்ப் ரீங்காரமிடும்.

விலை உயர்ந்த கேபிள்

விற்காதீர்கள்.

அட்டைப்பெட்டியை எறிவது

நான் எறிந்தேன். அந்தப் பெரியவர் வீட்டு ஸ்பீக்கரை இரண்டு பழைய கம்பளியில் சுற்றித்தான் கோத்தகிரியிலிருந்து குன்னூர் வரை வளைவு வளைவாகக் கொண்டுவந்தேன். ஒரு மூலை நசுங்கிவிட்டது. விலை குறைந்ததில் பாதி அதற்காக.